தூண்டில்காரர்கள் காக்கும் ஆறு

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் டார்பி நகரில் வசிக்கும் என் மகளின் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்தார். ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். காலை எட்டு மணியாகியும் சரியாக விடிந்திருக்கவில்லை. புல்வெளி எங்கும் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. தூண்டில் கோல், மடக்கு நாற்காலி, சூடான தேநீர் நிரப்பிய குடுவை ஆகியவற்றுடன் டெர்வென்ட் ஆற்றங்கரையில் அமர்ந்தவர், மாலை நான்கு மணிக்குப் பிறகு இருட்டத் தொடங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த நாள் முழுவதும் அவருக்குக் கிடைத்தவை மூன்றே மீன்கள். ஒவ்வொன்றையும் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை மெல்ல அகற்றி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

பொருளியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இது புதிராக இருந்தது. உரிமக் கட்டணம், சங்கச் சந்தா, கருவிகள், குளிரில் கழியும் ஒரு பகல் என்று செலவுகளுக்குக் குறைவில்லை. கிடைத்த பொருளையோ அவரே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இந்தப் புதிரின் விடையைத் தேடியபோது, ஆறுகளை யார் காக்கிறார்கள் என்ற பெரிய கேள்விக்கும் ஒரு விடை கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிரிட்டனில் நன்னீர் மீன்களை இரு வகையாகப் பிரிப்பது மரபு. சால்மன், ட்ரவுட் ஆகியவை உயர்வாக மதிக்கப்பட்டவை. அவற்றைப் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளர்களிடமும் செல்வந்தர்களிடமும் இருந்தது. ஏனைய ரோச், சப், பிரீம், டென்ச், பெர்ச், பைக் போன்றவை 'கோர்ஸ்' மீன்கள், அதாவது நயமற்ற முரட்டு மீன்கள் எனப்பட்டன. இவற்றுள் பல நம் ஊர்க் கெண்டையின் உறவினங்கள். தொழிற்புரட்சி உருவாக்கிய நகரங்களின் தொழிலாளர்களுக்கு எட்டிய மீன்கள் இவைதாம். ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலாளியும் நாட்டிங்ஹாமின் நெசவுத் தொழிலாளியும் விடுமுறை நாளில் ஆற்றையும் கால்வாயையும் நாடிச் சென்றனர். சங்கங்கள் அமைத்தனர், சந்தா திரட்டி, ஆற்றங்கரையில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு எடுத்தனர்.

கோடையில் இது எளிய பொழுதுபோக்கு. குளிர்காலத்தில் நிலைமை வேறு. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தை ஒட்டியே அமைகிறது. நீர் குளிரக் குளிர அதன் உடலியக்கம் மந்தமாகிறது, செரிமானம் தாமதமாகிறது, பசி குறைகிறது. டென்ச், கார்ப் போன்றவை ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கும். ரோச், சப், பெர்ச், பைக், கிரேலிங் ஆகியவை மட்டும் குளிரிலும் ஓரளவு இரை எடுக்கும்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே, ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்தில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்கியிருக்கும். மீன்கள் அங்கே ஒதுங்கும். ஓடும் ஆற்றில் நீர் கலந்துகொண்டே இருப்பதால் இந்த அடைக்கலம் இல்லை. அங்கே மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றலை வீணாக்காமல், ஆழமான வளைவுகளிலும், சாய்ந்த மரக்கிளைகளின் அடியிலும், வேகம் குறைந்த ஓரங்களிலும் கூடி நிற்கும்.

அனுபவமுள்ள தூண்டில்காரர் இதையெல்லாம் அறிவார். கோடையில் கைநிறைய வீசும் இரைப்புழுக்களைக் குளிர்காலத்தில் எண்ணிப் போடுவார். முள் சிறிதாகும், நரம்பு மெல்லியதாகும், தக்கையின் மிக நுண்ணிய அசைவையும் கவனிக்க வேண்டியிருக்கும். தென்மேற்குக் காற்று வீசி, மழை பெய்து, நீரின் வெப்பம் ஓரிரு டிகிரி உயர்ந்தால் அது நல்ல நாள். பொழுது சாயும் வேளையின் அரை மணி நேரம், பகல் முழுவதும் காத்திருந்ததற்குப் பலன் தரலாம், தராமலும் போகலாம். நண்பர் அமர்ந்தவுடன் செய்த முதல் வேலை, நூலில் கட்டிய வெப்பமானியை ஆற்றில் இறக்கியதுதான். இரண்டாவதாக, ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இவ்வகை மீன்களைப் பிடிக்கத் தடை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் மீன்களுக்கு அமைதி தருவதே இதன் நோக்கம். இந்தத் தடைக்கு அடித்தளமிட்டது 1878-ஆம் ஆண்டின் நன்னீர் மீன்வளச் சட்டம். அதைக் கொண்டுவந்த முண்டெல்லா, தொழில் நகரமான ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆண்டில் மூன்று மாதங்கள் தங்கள் பொழுதுபோக்கைத் துறக்கும் சட்டத்துக்குத் தூண்டில் சங்கங்களே ஆதரவாக நின்றன. 2010-ஆம் ஆண்டு முதல் ஆறுகளிலிருந்து இம்மீன்களை எடுத்துச் செல்வதற்கும் கடுமையான வரம்பு உள்ளது. ஆனால், அதற்கு நெடுங்காலம் முன்பே, பிடித்த மீனைத் திரும்ப விடுவது பெரும்பாலோரின் வழக்கமாகிவிட்டிருந்தது.

மீன் தேவையில்லை என்றால், அவர்கள் விலை கொடுத்து வாங்குவதுதான் என்ன? மீன் வாழும் ஓர் ஆற்றின் கரையில் அமரும் வாய்ப்பை வாங்குகிறார்கள். ஆறு கெட்டால் அவர்கள் வாங்கிய பொருள் அழிந்துவிடும். இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது.

ஆற்றில் ஒரு தொழிற்சாலை கழிவைக் கொட்டும்போது, அதன் ஆதாயம் ஒருவருக்குச் செல்கிறது. இழப்பு ஆயிரம் பேருக்குப் பகிரப்படுகிறது. ஒவ்வொருவரின் இழப்பும் சிறியது. வழக்காடும் செலவோ பெரியது. ஆகவே எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. பொருளியலில் இதனைப் புறவிளைவு என்றும், கூட்டு நடவடிக்கையின் சிக்கல் என்றும் கற்பிக்கிறோம். ரொனால்டு கோஸ் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், மான்கர் ஓல்சன் 1965-இல் வெளியிட்ட நூலும் இவற்றைத் தெளிவாக விளக்கின. ஆனால், இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் இந்த நூல்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அந்நாட்டின் பொதுச் சட்டப்படி ஓடும் நீர் எவருக்கும் சொந்தமல்ல. எனினும், தன் நிலத்தை ஒட்டி ஓடும் நீர், தரம் கெடாமல் வந்து சேர வேண்டும் என்று கோரும் உரிமை கரை உரிமையாளருக்கு உண்டு. மீன்பிடி உரிமையும் ஒரு சொத்தே. அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். அதற்குக் கேடு நேர்ந்தால் நீதிமன்றத்தை நாடலாம். 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்குரைஞர் இந்தப் பழைய உரிமையைக் கருவியாகக் கொண்டு, தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். சங்கங்களும் தனிநபர்களும் சிறுதொகை செலுத்துவர். மாசினால் பாதிக்கப்பட்டவர் வழக்காடும்போது செலவின் சுமையை இந்தப் பொது அமைப்பு ஏற்கும். தனியொருவரால் தாங்க இயலாத செலவு, பலரால் பகிரப்பட்டவுடன் தாங்கக்கூடியதாயிற்று.

அதன் பெரும் வெற்றி, நான் அமர்ந்திருந்த அதே டெர்வென்ட் ஆற்றில் கிடைத்தது. 'பிரைட் ஆஃப் டார்பி' தூண்டில் சங்கமும், கரை நிலத்துக்கு உரிமையாளரான ஹாரிங்டன் பிரபுவும் மூன்று வலிமைமிக்க தரப்புகள் மீது வழக்குத் தொடுத்தனர். ஒன்று, ஸ்பாண்டனில் செயற்கை இழை தயாரித்த பிரிட்டிஷ் செலனீஸ் நிறுவனம். இரண்டாவது, சரியாகச் சுத்திகரிக்காமல் கழிவுநீரை விட்ட டார்பி மாநகராட்சி. மூன்றாவது, சூடான நீரை ஆற்றில் கலந்த மின்வாரியம்.

சூடான நீர் எப்படி மாசாகும் என்று கேட்கலாம். 0 டிகிரியில் ஒரு லிட்டர் தூய நீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற மீனின் ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது; நீரின் கொள்ளளவோ குறைகிறது. கூடவே கழிவும் அழுகும்போது மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

நகரம் வளர்ந்தது தன் குற்றமல்ல என்றும், தடையாணைக்குப் பதிலாக இழப்பீடு போதும் என்றும் மாநகராட்சி வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1953-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைத் தொகுப்பில் பதிவாகியுள்ள அத்தீர்ப்பு, பணம் கொடுத்துவிட்டு ஆற்றைத் தொடர்ந்து கெடுக்கலாம் என்ற வழியை அடைத்தது. சீர்செய்யக் கால அவகாசம் தரப்பட்டது; ஆனால் தடையாணை நின்றது. டெர்வென்ட் மீண்டதற்கு இத்தீர்ப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னாளில் வந்த சட்டங்களுக்கும் சுத்திகரிப்பு முதலீடுகளுக்கும் அதில் பங்குண்டு. எனினும், முதலில் கதவைத் தட்டியவர்கள் தூண்டில்காரர்களே.

அந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று 'ஃபிஷ் லீகல்' என்ற பெயரில் இயங்குகிறது. இப்போது அதற்கு வேலை குறையவில்லை. 1989-இல் இங்கிலாந்தின் நீர் வாரியங்கள் தனியார்மயமாயின. அங்குள்ள பழைய வடிகால்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழையின்போது அவை நிரம்பி, கழிவு நேரே ஆற்றில் வழிகிறது. விதிவிலக்காக அனுமதிக்கப்பட்ட இந்த வழிதல் வாடிக்கையாகிவிட்டது என்பதே மக்களின் இன்றைய கோபம். 2023-இல் பிக்கரிங் என்ற சிற்றூரின் மீன்பிடிச் சங்கம், தன் ஓடையைச் சீரமைக்கும் திட்டம் போதுமானதல்ல என்று அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வென்றது. நீர்வழியின் உரிமையாளர்கள் கழிவுநீர் நிறுவனங்கள் மீது பொதுச் சட்டப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனம் தொடுத்த வழக்கு அது.

இப்போது குளிர்காலத்துக்கு வருவோம். வடிகால்கள் வழிவது பெரும்பாலும் மழை மிகுந்த மாதங்களில்தான். அந்த மாதங்களில் நீச்சலடிப்போர் இல்லை, படகில் செல்வோர் இல்லை, சுற்றுலா வருவோர் இல்லை. ஆய்வாளர் ஒருவரை எல்லா ஆற்றங்கரைகளிலும் நாள் முழுவதும் அமர்த்தும் அளவுக்கு எந்த அரசிடமும் நிதி இல்லை. உறைபனியில் நீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் ஒரே மனிதர் தூண்டில்காரர். நீரின் நிறம் மாறினால், வாடை வந்தால், மீன் செத்து மிதந்தால் முதலில் அறிபவர் அவர். பொருளியலில் கண்காணிப்புச் செலவு என்று ஒன்று உண்டு. இங்கே கண்காணிப்பவரே கட்டணம் செலுத்திவிட்டு வந்து அமர்கிறார்.

இந்த ஏற்பாடு குறையற்றதல்ல. மீன்பிடி உரிமை சொத்தாக இருப்பதால், உரிமை இல்லாதவர்கள் கரையை விட்டு விலக்கப்படுகிறார்கள். எந்தச் சங்கமும் குத்தகைக்கு எடுக்க விரும்பாத அளவுக்குக் கெட்டுப்போன ஆற்றுக்காக வாதாட இத்தகைய ஆளில்லை; மிக அதிகமாகக் காவல் தேவைப்படும் ஆறும் அதுவே. விளையாட்டுக்காக மீனைத் துன்புறுத்துவது முறையா என்ற கேள்வியும் நியாயமானது. இவற்றை மறுக்க நான் முயலவில்லை. சட்டமும் ஆய்வாளரும் தேவையில்லை என்றும் நான் வாதிடவில்லை. அவை மட்டும் போதா என்பதையே சொல்கிறேன். ஆற்றின் நலத்தில் சொந்த அக்கறையும், அதன் கரையில் இருக்கும் வழக்கமும், நீதிமன்றம் செல்லும் உரிமையும், செலவைப் பகிரும் சங்கமும் ஒன்றுசேரும்போதுதான் சட்டத்துக்கு உயிர் வருகிறது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

அன்று மாலை, விரைத்துப்போன விரல்களால் நண்பர் ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்தார். பல ஆண்டுகளாக எழுதி வருவதாகச் சொன்னார். கைவிளக்கின் ஒளியில் அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். தேதி. நீர் 5 டிகிரி. நிறம் தெளிவு. வாடை இல்லை. அதன் பிறகுதான், கடைசி வரியாக, மூன்று மீன்கள்.