ஹைரேஞ்ச் கிளப்பும் போடி வழியும்

ஏலமும் தேயிலையும் விளையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதியை ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் ஹைரேஞ்ச் என்று அழைத்தனர். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டையும் தேவிகுளத்தையும் கடந்தால் வரும் மூணாறு அதன் தலைமையிடமாக இருந்தது. அங்கே 1909-இல் நிறுவப்பட்ட ஹைரேஞ்ச் கிளப், பெருநகரத்துக்கு உரிய ஓர் அமைப்பு நகரமே இல்லாத காட்டில் வேரூன்றியதற்குச் சான்றாக இன்றும் இயங்கிவருகிறது.

கிளப் எனப்படுவது, உறுப்பினர்கள் தமக்குள் பணம் போட்டு நடத்துவதும் பிறர் விருந்தினராக மட்டுமே நுழையக்கூடியதுமான மன்றமாகும். புதியவர் ஒருவர் சேர வேண்டுமானால் ஓர் உறுப்பினர் அவர் பெயரை முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, ஏனையோர் பெட்டிக்குள் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ இட்டு ரகசியமாக வாக்களிப்பது லண்டனில் தோன்றிய பழைய முறை. கறுப்பு உருண்டைகள் சில விழுந்தாலே, காரணம் சொல்லாமல் மறுத்துவிடலாம். 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பும், ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு 1880-களில் விதிமுறை வகுத்ததால் பெயர் பெற்ற உதகை கிளப்பும் இம்மரபில் வந்தவை. வெள்ளையர் மட்டுமே கூடிய அம்மன்றங்கள் இந்தியருக்குக் கதவடைத்த காலத்தில்தான், இரு தரப்பினரும் சேர்ந்து அமர்வதற்காகச் சென்னையில் 1873-இல் காஸ்மோபாலிட்டன் கிளப் தோன்றியது.

மூணாற்றின் நிலை இவற்றிலிருந்து வேறானது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதும், 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானதும் அங்கே தோட்டங்களைப் பெருக்கின. ஒரு தோட்டத்துக்கு ஒரு துரை என்ற அளவில், பெரும்பாலும் திருமணமாகாத இளைஞர்கள், தம் மொழி பேசும் அடுத்த மனிதரைக் காணப் பல மைல் குதிரையில் செல்ல வேண்டியிருந்த அந்த மலையில், கிளப் பொழுதுபோக்கிடமாக இருந்ததோடு கம்பெனிச் செய்திகளும் வேலைப் பேச்சும் கைமாறும் கூடமாகவும் இருந்தது. நகரத்துக் கிளப்புகள் பல தொழில்களைச் சேர்ந்தவர்களைக் கூட்டின. இதுவோ ஏறக்குறைய ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களின் மன்றம் என்பதால், அலுவலகத்து மேல்கீழ் வரிசை ஆட்டமேசை வரை தொடர்ந்து வந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரமான தேயிலை மலையிறங்கியது தமிழ்நாட்டுப் பக்கமாகத்தான். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே, முதலில் ஒற்றைத் தண்டவாள வண்டியிலும் 1908 முதல் சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷனுக்குச் சென்ற பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில், அதாவது கம்பி வடத்தில் தொங்கியபடி, குரங்கணிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்து, பின்னர் தூத்துக்குடித் துறைமுகத்தைச் சேர்ந்தன. மலையில் வாழ்ந்தோருக்கான அரிசி அதே வடத்தில் மேலேறியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது. பாதை மீண்டும் போடப்படவில்லை.

கிளப்பின் குணத்தை அறிய அதன் மதுக்கூடத்துச் சுவர் போதும். ஆண்கள் மட்டுமே அமரலாம் என்ற விதியோடு தொடங்கிய அக்கூடத்தில், ஹைரேஞ்சில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் தோட்டக்காரரின் தொப்பியை வாங்கிச் சுவரில் மாட்டிவைப்பது வழக்கம். வேட்டையில் வீழ்ந்த விலங்குகளின் தலைகளும் கட்டடத்தை அலங்கரிக்கின்றன. பதவியின் உயரத்தைப் பாராமல் தாக்குப்பிடித்த ஆண்டுகளுக்கு மதிப்பளிக்கும் இத்தொப்பி வரிசை, காய்ச்சலுக்கும் தனிமைக்கும் பலரை இழந்த தொழிலில் நியாயமான கௌரவமே. ஆனால் போடியிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்தும், அந்தச் சுவரில் அவர்களுடைய அடையாளம் எதுவும் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கு வந்த இந்தியர்களுக்கே விடுதலைக்குப் பிறகுதான் கிளப்பின் கதவு திறந்தது.

வேட்டையிலும் ஒரு முரண் உண்டு. தோட்டக்காரர்கள் தம் துப்பாக்கிகளுக்காகக் காத்துவந்த இரவிகுளம் புல்வெளிகளை, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கேரள அரசு எடுத்துக்கொண்டு, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது; வரையாடு அங்கே பெருந்தொகையாகப் பிழைத்திருப்பதற்கு, வெளியாரின் வேட்டையைத் தடுத்த அந்தப் பழைய காவலும் ஒரு காரணம். பின்னர் டாடா குழுமத்தின் கைக்குச் சென்ற தோட்டங்களில் பெரும்பகுதி, 2005-இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள புதிய கம்பெனிக்கு மாறியது.

போடியில் இத்தகைய கிளப் கலாச்சாரம் வேர்விடாததற்கு அதன் தொழிலமைப்பே காரணமாகத் தோன்றுகிறது. தேயிலையைப் போல ஒரே கம்பெனியிடம் குவியாமல், ஏலத்தோட்டங்கள் சிறியனவும் நடுத்தரமானவையுமாகப் பலரிடம் சிதறிக் கிடக்க, உரிமையாளர்களில் பலர் ஊரில் குடியிருந்து ஜீப்பில் மலைக்குப் போய்வந்தனர். தனிமையைப் போக்க மன்றம் தேட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. அவர்கள் தொழில் நலனுக்காகச் சங்கம் கண்டனர். ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்று போடியில் இன்றும் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007 முதல் கணினி வழியாக நடக்கும் ஏலக்காய் விற்பனையில், வாரியத்தின் உரிமம் பெற்ற வியாபாரி எவரும் போட்டியிடலாம். அங்கே ஒருவரைச் சேர்க்கவோ விலக்கவோ கறுப்பு உருண்டைக்கு வேலையில்லை.