பறப்பதை விட்டவர் மீண்டும் பறக்கலாமா?

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை கற்றால் ஆயுளுக்கும் மறக்காது என்பார்கள். ஆகாய விமானம் ஓட்டுவதும் அப்படித்தானா? 'இல்லை' என்பதே விமானச் சட்டங்களின் பதில். ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்று, பிறகு உத்தியோகம், குடும்பம், பணமுடை என்று சில வருஷங்கள் ஒதுங்கியிருந்தவர், காலாவதியான லைசென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே விமானத்தில் ஏறிவிட முடியாது.

இதன் நியாயம் பொழிச்சலூர்வாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய ஊர் அது. மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர் அண்ணாந்தால் விமானத்தின் வயிறு தெரியும். மேலே இருப்பவரின் கை தடுமாறினால், ஆபத்து அவர் ஒருவரோடு நிற்குமா?

இந்த வட்டாரத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. டி ஏஞ்சலிஸ் என்ற சென்னை ஹோட்டல் முதலாளி, தாம் செய்வித்த விமானத்தை 1910ல் சோதித்துப் பார்த்தது பக்கத்திலுள்ள பல்லாவரத்தில்தான். 1930ல் சென்னை பிளையிங் கிளப் தோன்றியது. பட்டாளத்தில் சேராதவர்களும் விமானம் ஓட்டக் கற்க அது வழி திறந்தது.

தனியார் விமானி லைசென்ஸை முதன்முறை பெற, சர்வதேச விதிப்படி பொதுவாக 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டால்? ஐரோப்பாவில், ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதி இரண்டு வருஷங்களுக்கே செல்லும். அது தவறிப்போனால், எவ்வளவு பயிற்சி தேவை என்பதைப் பள்ளி மதிப்பிடும். பிறகு பரீட்சகர் சோதிப்பார். அமெரிக்காவில் லைசென்ஸ் காலாவதியாவதே இல்லை. ஆனால் 24 மாதங்களுக்கு ஒருமுறை, ஆசிரியரோடு தரையில் ஒரு மணி நேரமாவது, ஆகாயத்தில் ஒரு மணி நேரமாவது பாடம் கேட்டாக வேண்டும். நம் நாட்டிலும் வைத்தியச் சான்றிதழும், சமீபத்தில் பறந்த கணக்கும் பார்க்கிறார்கள். கணக்கு போதாவிட்டால் பறந்து காட்ட வேண்டும்.

திரும்பி வருகிறவருக்கு எது மறந்திருக்கும்? கை அசைவுகள் சீக்கிரமே திரும்பிவிடுகின்றன. துருப்பிடிப்பது சமயோசிதமும் வரிசைக் கிரமமும்தான். ஓர் உதாரணம்: வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கின்றன, மூக்கு கீழே சாய்கிறது. பயந்தவரின் கை தானாகவே ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும். அது விபரீதம்! முன்னால் தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை மீட்க வேண்டும். மனம் சொல்வதற்கு நேர்மாறான இந்தச் செய்கை, பழக்கத்தால் அன்றி வராது. எஞ்சின் நின்றால் எந்த வயலில் இறங்குவது, குறுக்குக் காற்றில் எப்படி இறங்குவது, ரேடியோவில் கண்ட்ரோல் டவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்பவையும் அத்தகையவையே.

தினமும் பறப்பவர்களுக்கே இடைவெளி பொல்லாதது. 2020ல் கொரோனா காரணமாக, மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணி விமானங்கள் நின்றன. பொழிச்சலூர் வானமும் ஓய்ந்தது. உலகெங்கும் விமானிகள் வீட்டில் இருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய சில அமெரிக்க விமானிகள், நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறைக்குத் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பினார்கள். ஒருவர் பார்க்கிங் பிரேக்கை எடுக்க மறந்தார். இன்னொருவர் மூன்றாம் முயற்சியில்தான் தரை இறங்கினார். தேர்ந்த தொழிலாளிகளே இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை விமானியைப் பற்றிக் கேட்பானேன்?

ஆகையால், திரும்ப வருகிறவர் மீண்டும் மாணவராக உட்காருவதில் வெட்கம் எதுவும் இல்லை. விமானப்படையில் பறக்கக் கற்பிக்கப் போகிற தேர்ந்த விமானிகளே முதலில் மாணவராக உட்காருகிறார்கள். அதற்கான பள்ளி 1948ல் அம்பாலாவில் தொடங்கி, 1954ல் பொழிச்சலூருக்குச் சற்றுத் தெற்கே தாம்பரத்துக்கு வந்தது.

வயதும் பழைய பெருமையும் ஆகாயத்தில் செல்லாது. 'எனக்குத் தெரியும்' என்று ஏறுகிறவரைவிட, 'என்னைச் சோதித்துப் பாருங்கள்' என்று ஆசிரியரை அழைக்கிறவரே பத்திரமாக இறங்குவார். கீழே இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.