விமானிகளின் பணிப் பட்டியல்: மிச்சமாகும் நேரம் யாருக்கு?

வானூர்திப் போக்குவரத்தில் மூலதனத்தின் பெரும்பகுதி விமானங்களில் முடங்கியுள்ளது. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்துக்கு இழப்பே. விமானத்தைச் செலுத்தும் விமானிக்கோ உறக்கமும் ஓய்வும் இன்றியமையாதவை. ஓயாமல் பறக்க வேண்டிய விமானத்தையும் ஓய்வு தேவைப்படும் விமானியையும் பொருத்துவதே பணிப் பட்டியலின் வேலையாகும். ஒரு மாதத்தில் எவர், எந்நாளில், எவ்வூருக்குச் செல்வார் என்பதை அது தீர்மானிக்கிறது.

இதனை வகுப்பதில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு முறைகள் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வந்துள்ளன. ஒன்று, ஆயத்தமான பட்டியல்களிலிருந்து விமானிகள் தேர்ந்தெடுத்துக் கொள்ளும் மரபான முறை. இதனை லைன் பிட்டிங் என்பர். மற்றது, விமானிகளின் விருப்பங்களைப் பெற்றுக் கணினி பட்டியல் வகுத்துத் தரும் முறை, இது பி.பி.எஸ். எனப்படுகிறது. முன்னதைப் பட்டியல் தேர்வு முறை என்றும், பின்னதை விருப்ப ஒதுக்கீட்டு முறை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடலாம். இவற்றிடையே நிலவும் பூசல், மேலோட்டமாகப் பார்த்தால் கணினியைப் பற்றியது. உண்மையில் அது உற்பத்தித் திறன் பெருக்கத்தின் பலனைப் பங்கிடுவது பற்றியதாகும்.

பணிமூப்பே அடிப்படை

முதலில் நிறுவனம் தன் கால அட்டவணையிலுள்ள பறப்புகளைப் பயணத் தொடர்களாகக் கோக்கிறது. விமானியின் தளத்தில் தொடங்கி, ஓரிரு நாட்களோ நான்கு நாட்களோ கழித்து அதே தளத்தில் முடிவது ஒரு பயணத் தொடர். பட்டியல் தேர்வு முறையில், இத்தொடர்கள் பலவற்றை இணைத்து ஒரு மாதத்துக்குரிய முழுப் பட்டியல்கள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. அவை யாவும் முன்கூட்டியே வெளியிடப்படும். ஒவ்வொரு விமானியும் தமக்கு உகந்த பட்டியல்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிப்பார்.

ஒதுக்கீடு பணிமூப்பின்படியே நடைபெறும். ஒரு தளத்தில், ஒரு வகை விமானத்தில், ஒரே பதவியில் இருப்போருள் மூத்தவர் முதலில் தேர்வு செய்கிறார். இருபதாம் இடத்திலுள்ளவர் முன்னவர் பத்தொன்பது பேரும் விட்டுவைத்தவற்றுள் ஒன்றைப் பெறுகிறார். கடைசி வரிசையினருக்குப் பெரும்பாலும் காத்திருப்புப் பணியே கிட்டும். அவர்கள் அழைப்பு வந்தவுடன் புறப்பட ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இம்முறையின் தலையாய சிறப்பு அதன் வெளிப்படைத்தன்மை. ஒருவருக்கு ஒரு பட்டியல் ஏன் கிடைக்கவில்லை என்பதை அறியக் கணிதப் புலமை தேவையில்லை. அதைப் பெற்றவர் தம்மைவிட மூத்தவரா என்று பார்த்தாலே போதும். எனினும் குறையும் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை வேண்டும் என்பவரும், விடியற்காலைப் பணி வேண்டாம் என்பவரும், எவரோ முன்னரே வகுத்த பட்டியலை முழுமையாக ஏற்கவேண்டும், அல்லது விடவேண்டும்.

விடுப்பும் பணியும் மோதுமிடம்

இரு முறைகளுக்குமிடையிலான பொருளாதார வேறுபாடு விடுப்பில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு விமானிக்கு மாதத்தின் 10-ஆம் தேதி முதல் 16-ஆம் தேதி வரை ஏழு நாள் விடுப்பு. அவர் தேர்ந்தெடுத்த பட்டியலில் 8 முதல் 11 வரை ஒரு பயணத் தொடரும், 15 முதல் 18 வரை மற்றொன்றும் உள்ளன. இரண்டும் விடுப்பைத் தொடுவதால் இரண்டுமே அவரிடமிருந்து நீங்குகின்றன. ஏழு நாள் விடுப்பு, 8 முதல் 18 வரை பதினொரு நாள் ஓய்வாக நீள்கிறது. ஒப்பந்தம் இடமளித்தால், நீங்கிய பணிக்கும் ஊதியம் உண்டு. அனுபவமிக்க விமானிகள் இத்தகைய மோதல்கள் நேரும் பட்டியலையே நாடித் தேர்ந்தெடுப்பது இயல்பு.

நிறுவனத்தின் கணக்கோ வேறு. விடுப்புக்கு வெளியே 8, 9, 17, 18 ஆகிய நான்கு நாட்களின் பணியை வேறொருவர் செய்தாக வேண்டும். நூறு விமானிகள் உள்ள தளத்தில் பத்துப் பேர் இவ்வாறு விடுப்பில் சென்றால், நாற்பது நாட்பணி ஈடு செய்யப்பட வேண்டும். ஒரு விமானி மாதத்தில் 16 நாள் பணிபுரிவதாகக் கொண்டால், இது இரண்டரை விமானிகளின் மாத உழைப்பாகும். பயிற்சி நாட்களும், முந்தைய மாதத்தில் தொடங்கி அடுத்த மாதத்தில் முடியும் பயணங்களும் இதே வகை மோதல்களை உண்டாக்குகின்றன.

கணினி வகுக்கும் பட்டியல்

விருப்ப ஒதுக்கீட்டு முறையில் ஆயத்தப் பட்டியல் எதுவும் இல்லை. விமானி தம் விருப்பங்களை முன்னுரிமைப்படி தெரிவிக்கிறார்: இன்னின்ன நாட்களில் விடுமுறை, இன்ன நகரில் தங்கல், இரவுப் பறப்பு வேண்டாம், குறுகிய பயணங்கள் வேண்டும் என்றவாறு. விடுப்பும் பயிற்சியும் முதலிலேயே கணக்கில் ஏற்றப்பட்டுவிடுகின்றன. அதன் பின்னரே எஞ்சிய நாட்களில் பயணங்கள் அமைக்கப்படுவதால், மேற்கூறிய மோதலுக்கே இடமில்லை.

இங்கும் பணிமூப்பு புறக்கணிக்கப்படுவதில்லை. மூத்தவரின் பட்டியல் முதலில் வகுக்கப்படுகிறது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: அவருக்கு விரும்பியதை அளித்த பின், மீதமுள்ள பயணங்கள் அனைத்தையும் மீதமுள்ள விமானிகளைக் கொண்டு விதிமுறைக்கு உட்பட்டு நடத்த இயலவேண்டும். இயலாதெனில் மூத்தவரின் விருப்பமும் மறுக்கப்படும். ஏர் கனடா நிறுவனத்துக்கென வகுக்கப்பட்ட இத்தகைய முறையை விளக்கும் ஆய்வுரை 1998-இல் ‘டிரான்ஸ்போர்ட்டேஷன் சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு கணிதச் சிக்கலைத் தீர்த்து, ஒவ்வொரு படியிலும் எஞ்சியோருக்கு வழியுண்டா என்று சோதிப்பதே அதன் சாரம். சேர்க்கைகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகையால், இதனைக் கையால் செய்தல் அரிது.

விமானிகளின் தயக்கம்

இம்முறையால் விமானிகளுக்கும் நன்மை உண்டு. தளத்திலிருந்து தொலைவான ஊரில் வசிப்பவர், தம் பணிநாட்களை ஒருங்கே தொகுத்துக் கேட்கலாம். குழந்தையின் பள்ளி நாட்களுக்கேற்ப ஓய்வு வேண்டுபவர், அதை மட்டுமே முதன்மைப்படுத்தலாம். இருப்பினும் தொழிற்சங்கங்கள் தயங்குவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வேலைவாய்ப்பு. அதே பறப்புகளைக் குறைந்த விமானிகளைக் கொண்டு நடத்த முடிந்தால், புதியோரைச் சேர்ப்பது தாமதமாகலாம். துணை விமானி தலைமை விமானியாக உயர்வதும் தள்ளிப்போகலாம். இரண்டாவது, தெளிவின்மை. பட்டியலின் மேல்வரம்பு, கீழ்வரம்பு போன்ற அளவுகளைச் சற்று மாற்றினாலும் ஒதுக்கீடு முழுவதும் மாறிவிடுகிறது. அளவுகளை நிர்ணயிப்பவர் யார் என்பது அறியப்படாவிடில், மறுப்பு நியாயமானதா என்று விமானியால் கூற இயலாது. மூன்றாவது, களைப்பு. இடைவெளிகள் அனைத்தும் நிரப்பப்பட்ட பட்டியல், சட்டத்துக்கு உட்பட்டதாயினும் உடலுக்கு ஏற்றதாக இராமற் போகலாம்.

சட்டம் விதிப்பது குறைந்தபட்ச அளவே. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே நேர்ந்த கோல்கன் ஏர் விமான விபத்தில் 50 பேர் உயிரிழந்தனர். அதனையடுத்து விமானிகளின் களைப்புப் பற்றிய விவாதம் வலுப்பெற்றது. 2014 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையின்றி உறங்க வாய்ப்பு, 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மிகாத பறப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். சரக்கு விமானங்களுக்கு இவை கட்டாயமாக்கப்படவில்லை. இவ்வரம்பின் விளிம்புவரை பட்டியலை நிரப்புவதா, சற்று இடம்விட்டு வைப்பதா என்பதைச் சட்டம் கூறுவதில்லை. அது பேச்சுவார்த்தைக்கு உரியது.

பேரத்தில் கைமாறுவது

அமெரிக்காவில் விமானிகளின் பணி நிலைமைகள் கூட்டுப் பேரத்தின் மூலமே முடிவாகின்றன. 1926-ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டம் 1936-இல் விமானப் போக்குவரத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே பட்டியல் முறையை நிறுவனம் தன்னிச்சையாக மாற்றிவிட இயலாது. பேரவலிமை சமமாக இல்லாத காலங்களில் முடிவும் அதற்கேற்ப அமைகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பரில் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது. அதன் தொடர்பாக 2012-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் விருப்ப ஒதுக்கீட்டு முறைக்கு வழிவகுத்தது. சவுத்வெஸ்ட் நிறுவன விமானிகளோ பட்டியல் தேர்வு முறையையே நெடுங்காலம் பேணிவந்துள்ளனர்.

ஆகவே விமானிகள் எடைபோட வேண்டியது கணினியின் திறமையை மட்டுமன்று. உடன்பாட்டின் நிபந்தனைகளையும் ஆகும். அளவுகளை நிர்ணயிக்கும் குழுவில் சங்கத்துக்கு இடம் உண்டா? விருப்பம் மறுக்கப்பட்டதன் காரணம் எழுத்தில் தரப்படுமா? சில மாதங்கள் இரு முறைகளையும் இணையாக நடத்திப் பார்க்க வாய்ப்பு உண்டா? மிச்சமாகும் நாட்பணியில் ஒரு பகுதி கூடுதல் விடுப்பாகவோ உயர்ந்த ஊதியமாகவோ திரும்புமா? இவற்றுக்கு விடையின்றி ஏற்கப்படும் முறை, நிறுவனத்துக்கு மட்டுமே இலாபகரமாக முடியும்.

இந்தியாவுக்கான படிப்பினை

விமானிகளின் நேரம் என்னும் வளத்தை எவ்வளவு இறுக்கமாகப் பயன்படுத்தலாம் என்ற கேள்வி இந்தியாவிலும் அண்மையில் எழுந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்திய பணிநேர விதிகளை வெளியிட்டது. வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. இரவுநேரத் தரையிறக்கங்களின் வரம்பு ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. 2025 ஜூலை, நவம்பர் மாதங்களில் இவை இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனத்தின் பறப்புகள் பெருமளவில் இரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நின்றன. புதிய விதிகளுக்கேற்பத் திட்டமிடுவதில் நேர்ந்த குறைபாடுகளும் காரணமென நிறுவனமே கூறிற்று. விடுப்பை வாராந்தர ஓய்வுக்கு ஈடாகக் கொள்ளக்கூடாது என்ற விதி அன்றே திரும்பப் பெறப்பட்டது. இரவுப்பணி தொடர்பான வரம்புகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கும் அளிக்கப்பட்டது. விடுப்பும் ஓய்வும் ஒன்றா, வெவ்வேறா என்ற அதே வினா இங்கும் மையத்தில் நின்றது குறிப்பிடத்தக்கது.

பட்டியலில் தெரியும் வெற்றிடம் அனைத்தும் வீண் என்று கருதுவது பிழையான கணக்காகும். அதில் ஒரு பகுதி தவிர்க்கத்தக்க விரயம். மற்றொரு பகுதி மழை, மூடுபனி, நோய், விதிமாற்றம் ஆகியவற்றைத் தாங்கும் இருப்பு. முதலாவதைக் களைய விருப்ப ஒதுக்கீட்டு முறை துணைபுரியும். இரண்டாவதைக் காப்பது, அளவுகளை நிர்ணயிக்கும் மனிதர்களின் பொறுப்பு. அந்த அளவுகள் விமானிகளின் பார்வைக்கும் வைக்கப்படும்போதுதான் புதிய முறை அவர்களது நம்பிக்கையைப் பெறும்.