நூறு டாலருக்குள் ஒரு தூண்டில்

அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் பெரிதும் நாடுவது, பெருவாய்ப் பாஸ் எனப்படும் பச்சை நிற வேட்டை மீனை. தமிழகக் கடலோரத்துக் கொடுவாயும் சந்தையில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படுவதுண்டு என்றாலும், இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பெருவாய்ப் பாஸ் ஒன்றுக்கென்றே மிக மலிவானவை முதல் பல நூறு டாலர் விலையுள்ளவை வரை கோல்களும் ரீல்களும் கடைகளில் அடுக்கப்பட்டிருப்பதால், புதிதாக வாங்க வருபவர் திகைத்து நிற்பது இயல்பே. ஆனால் கருவி எவ்வளவு பாரத்தைத் தாங்கவேண்டும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தால் அந்தத் திகைப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சாதாரணமாக அகப்படும் பாஸ் அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான் இருக்கும்; நீர்ச்செடிகள், மூழ்கிய மரங்கள், படகுத்துறைத் தூண்கள் ஆகியவற்றின் மறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும் அது, முள் தைத்ததும் கடல்மீனைப் போல வெகுதொலைவு ஓடாமல், பக்கத்துப் புதருக்குள் புகுந்துகொள்ளவே பார்க்கும். ஆகவே இரையைக் குறித்த இடத்தில் எறிவது, கவ்வுதலைக் கையில் உணர்வது, முதல் சில விநாடிகளில் மீனைப் புதரிலிருந்து திருப்புவது ஆகிய மூன்றையும் செய்யும் கருவி போதும். ஆழ்கடல் மீனுக்கான வலிமையும் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பும் இங்கே வீண் செலவு.

கோலின் கைப்பிடிக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும் சிறு எழுத்துகளே விலைச்சீட்டைவிட முக்கியமானவை. அவற்றில் ‘பவர்’ என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதையும், ‘ஆக்‌ஷன்’ என்பது கோல் எந்தப் பகுதியில் வளைகிறது என்பதையும் குறிக்கும். நுனியில் மட்டும் வளைந்து சட்டென்று நிமிர்வது ‘ஃபாஸ்ட்’ என்றும், நடுப்பகுதி வரை வளைவது ‘மாடரேட்’ என்றும் வழங்கப்படும். ஒரே கோலோடு தொடங்குபவருக்கு ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, ‘மீடியம்’ பவரும் ‘ஃபாஸ்ட்’ ஆக்‌ஷனும் கொண்ட கோல் பெரும்பாலான செயற்கை இரைகளுக்கும் பொருந்தும். கண்ணாடி இழைக் கோல்கள் 1940-களில் பரவத் தொடங்கி மூங்கில் கோல்களை ஒதுக்கின. 1970-களில் வந்த கார்பன் இழைக் கோல்கள் எடை குறைந்து, மென்மையான கவ்வலையும் கைக்குக் கடத்தின, ஆனால் படகின் விளிம்பில் மோதினாலோ கதவிடுக்கில் சிக்கினாலோ எளிதில் முறிந்தன. இரண்டையும் கலந்து ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட ‘அக்லி ஸ்டிக்’ இன்றும் மலிவுக் கோல்களில் முன்னிலையில் நிற்பதற்கு, சற்றுக் கனமாக இருந்தாலும் முரட்டுத்தனமான கையாளுதலைப் பொறுத்துக்கொள்ளும் அதன் இயல்பே காரணம். மலிவான கோலில் முதலில் கெடுவது பெரும்பாலும் தண்டு அன்று, நரம்பு செல்லும் வளையங்களே. சிறு பஞ்சுத்துண்டை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பார்க்கையில் எங்கேனும் இழை சிக்கினால், அந்த இடத்தில் நரம்பு அறுபடும் என்று கொள்ளலாம்.

ரீலைப் பொறுத்தவரை சிக்கனத்தின் தருக்கம் சற்று மாறுகிறது. பாஸ் மீனுக்கான ரீல்கள் இருவகைப்படும். அவற்றுள் மூத்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர்கள் உருவாக்கிய பல்சக்கர ரீலின் வழிவந்த ‘பெய்ட்காஸ்டர்’. இதில் எறியும்போது நரம்பு சுற்றிய உருளையும் சேர்ந்து சுழலும். இரை காற்றில் வேகம் குறைந்த பின்னரும் உருளை அதே வேகத்தில் சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து பெருஞ்சிக்கலாகிவிடும். இதைத் தடுக்கக் காந்தத் தடையோ மையவிலக்குத் தடையோ பொருத்தப்பட்டிருந்தாலும், அத்தடை எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் விலை வேறுபாடு உண்மையாகவே வெளிப்படுகிறது. மிக மலிவான பெய்ட்காஸ்டரை வாங்கியவருக்கு மீன்பிடிக்கும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரமே மிகுதியாகக் கூடும்.

மற்றொரு வகையான ‘ஸ்பின்னிங்’ ரீலில் உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பின் வழியே தளர்ந்து வெளியேறுகிறது. துணியாலைகளுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வளர்ச்சி இது. சுழலும் உருளை இல்லாததால் அந்தப் பெருஞ்சிக்கலும் இல்லை. எடை குறைந்த இரைகளையும் எளிதாக எறிய முடிகிறது. தரத்தில் நடுத்தரமானதுகூட ஒழுங்காக வேலை செய்கிறது. எனவே கையில் உள்ள பணம் குறைவென்றால் முதல் ரீல் ஸ்பின்னிங் ரீலாக இருப்பதே அறிவுடைமை. மூடிக்குள் நரம்பை அடக்கிய, பொத்தானை அழுத்தி எறியும் எளிய ரீல்களுள் புகழ்பெற்ற ‘செப்கோ 33’, எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிபொருள் செய்துவந்த ஓக்லஹோமா நிறுவனமொன்றிலிருந்து 1954-இல் வந்தது; சிறுவர்களுக்கு இன்றும் அதுவே ஏற்றது.

உறையின் மீது பெரிய எழுத்தில் அறிவிக்கப்படும் பேரிங்குகளின் எண்ணிக்கையை நம்பி ரீல் வாங்குவது ஏமாற்றத்தையே தரும், ஏனெனில் தரம் குறைந்த பத்துப் பேரிங்குகளைவிட நன்றாகச் செய்த நான்கு மேலானவை. கவனிக்கத்தக்கது ‘டிராக்’ எனப்படும் தடை: மீன் வலுவாக இழுக்கும்போது நரம்பு அறுபடாமல் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் இந்த அமைப்பு, நரம்பின் தாங்குதிறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழுப்புக்கு இசைந்துகொடுக்குமாறு வைக்கப்பட்டு, கையால் இழுத்துப் பார்க்கையில் குலுக்கலின்றி ஒரே சீராக வெளியேற வேண்டும். கடையிலேயே சில நொடிகளில் செய்யக்கூடிய இச்சோதனை வேறெந்த விளம்பரத்தையும்விடப் பயனுள்ளது. அளவில் 2500 அல்லது 3000 என்று குறிக்கப்பட்ட ரீல் போதுமானது.

மீனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள ஒரே தொடர்பு நரம்பு என்றிருக்க, வாங்குவோர் கடைசியில் மிஞ்சிய சில்லறையை அதற்கு ஒதுக்குவது விந்தையே. தமிழர் தங்கூசி என்று அறிந்த ஒற்றை இழை நைலான்தான் விலை குறைந்தது. சற்றே நீளக்கூடியது என்பதால் தொடக்கநிலையாளரின் அவசர இழுப்பையும் பொறுத்துக்கொள்ளும். எனினும் வெயிலில் வலுவிழந்து, உருளையின் வடிவிலேயே சுருண்டு போவதால், அதனைப் பருவத்துக்கு ஒருமுறையேனும் மாற்றியாக வேண்டும். எட்டு அல்லது பத்துப் பவுண்டு தாங்கும் நைலான் முதல் ஆண்டுக்குப் போதும். ஃப்ளோரோகார்பன் இழையின் ஒளிவிலகல் எண் 1.42, நைலானுடையதைவிட இது நீரின் 1.33-க்கு நெருங்கியது என்பதால் தெளிந்த நீரில் எளிதில் கண்ணுக்குப் படாது. நீரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி கொண்டதால் மூழ்கவும் செய்யும். ஆனால் விலை அதிகம். பாலிஎத்திலீன் நாருடைய பின்னல் நரம்போ நீளாது, நீரில் மிதக்கும். பத்துப் பவுண்டு தாங்கும் பின்னல், இரண்டு பவுண்டு நைலானின் பருமனே உடையது.

வாங்கும்போது விலை மிகுந்ததாகத் தோன்றும் பின்னல், கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கனமானதே. உருளையின் அடியில் முதலில் பழைய நைலானைப் பாதியளவு சுற்றி அதன்மேல் பின்னலைக் கட்டினால், பின்னல் உருளையில் வழுக்காது என்பதோடு வாங்கவேண்டிய நீளமும் பாதியாகும். நுனி நைந்தபின் அதைக் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால், அதுவரை நீரைத் தொடாத பகுதி மேலே வந்து இன்னும் சில பருவங்களுக்கு உழைக்கும். முன்முனையில் ஒரு மீட்டர் ஃப்ளோரோகார்பனை முடிந்துகொண்டால், விலையுயர்ந்த அந்த இழையின் நன்மையும் மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும்.

பெருவாய்ப் பாஸின் உலகச் சாதனையாக இன்றும் நிற்கும் 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை உழவரின் தூண்டிலில் அகப்பட்டது. நைலானும் கார்பன் இழைக் கோலும் பிறவாத காலம் அது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீனுக்கு ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல் எடை இருந்ததால், விதிகளின்படி அது சமமான சாதனையாகப் பதிவாயிற்று. பெருமந்தக் காலத்து எளிய கருவி எட்டிய எடையை அதன்பின் வந்த வளர்ச்சியும் ஓர் அவுன்சுகூடத் தாண்டிச் செல்லவில்லை.

விலையுயர்ந்த கருவியால் ஏரிகளுக்காவது கூடுதல் நன்மை உண்டு என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் விற்பனையாகும் தூண்டில் கருவிகள் மீது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உற்பத்தியாளரிடம் பத்து விழுக்காடு வரி பெறப்பட்டு, மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குப் பகிரப்படுகிறது. எனினும் கோல் ஒன்றுக்கு அந்த வரி 10 டாலருக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆகவே மிக உயர்ந்த விலைக் கோலை வாங்குபவர், அதன் விலையேற்றத்துக்கு ஏற்ப ஏரிகளுக்குக் கூடுதலாக எதையும் தந்துவிடுவதில்லை.