கழுத்துக் கட்டியும் கடற்பாசி நிறமும்

பரங்கிப்பேட்டையில் வலையிழுக்கும் ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொத்தைப் பல்லோ தொண்டைப் புண்ணோ காரணமானால் சில நாளில் வற்றிவிடும். வாரக்கணக்கில் நின்றுவிட்டால்? அது பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்ற காசநோய்க் கட்டியாக இருக்கலாம். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவை இரண்டிலும் உண்டு. காசநோய் மலிந்த நம் நாட்டில், கட்டியைச் சோதிக்காமலே காசநோய் மாத்திரை விழுங்கி மாதங்களை வீணாக்கிய லிம்போமா நோயாளிகள் உண்டு.

ஆகவே கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அங்கும் ஒரு சிக்கல். சிலவகை லிம்போமாவில் தெரிவதெல்லாம் சின்னஞ்சிறு லிம்போசைட்டுகளே. நோயற்ற நிணநீர் முடிச்சிலும் இருப்பவை அவைதாமே!

தோற்றம் ஒன்றானாலும் அவற்றின் மேலுறையிலுள்ள புரதங்கள் வேறு. டி லிம்போசைட்டில் சிடி 3, பி லிம்போசைட்டில் சிடி 20 என்று இவற்றுக்கு எண்ணிட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்க 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வழி கண்டார்கள். 1984இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதைவிடச் சுவையான அடையாளம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பி லிம்போசைட்டும் காப்பா, லாம்டா என்ற இரு புரதச் சங்கிலிகளில் ஒன்றையே தாங்கும். கிருமியை எதிர்த்து வீங்கிய முடிச்சில் இரு வகையும் கலந்திருக்கும், திருவிழாக் கூட்டத்தில் பல ஊர்க்காரர் இருப்பதுபோல. புற்றோ ஒரே உயிரணுவின் சந்ததி. அதனால் பெரும்பாலும் எல்லாம் காப்பா, அல்லது எல்லாம் லாம்டா!

எதிர்ப்பொருள் ஒட்டியதை எப்படி அறிவது? அதனுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து, உயிரணுக்களை வரிசையாக லேசர் ஒளியின் முன் ஓடவிடுகிறார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கருவி எண்ணிவிடும். இச்சாயங்களுள் பெயர்பெற்ற ஃபைகோஎரித்ரின் சிவப்புக் கடற்பாசியின் நிறமி. 1982இல் இப்பணிக்கு வந்தது. இன்னொன்று, கடலில் மிதக்கும் ஓருயிரணு உயிர்களிலிருந்து கிடைப்பது. வெள்ளாற்றுக் கழிமுகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்துவருவதும் இத்தகைய மிதவையுயிர்களைத்தான்.

அடையாளம் மருந்தையும் தீர்மானிக்கிறது. சிடி 20ஐத் தாக்கும் ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒன்று கவனியுங்கள். லேசர்ச் சோதனைக்கு உயிரணுக்கள் பிரிந்து, உயிரோடு இருக்கவேண்டும். எடுத்த துண்டு முழுவதையும் பார்மலினில் போட்டுவிட்டால் அது நடவாது. அப்போது மெல்லிய சீவல்களில் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, பழுப்பு நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.