முகம் கழுவ எண்ணெய்: எளிதில் புண்படும் தோலுக்கு ஓர் இல்லத் தயாரிப்பு

உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் கிராமங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் தோலுக்குச் சோதனைக் காலமாகும். குளிரில் தோல் வறண்டு வெடிக்கிறது. அடிகுழாயில் வரும் நிலத்தடி நீர் பல இடங்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடினநீராக உள்ளது. இந்நீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை எழுவதற்கு முன்பு வெண்ணிறத் திரிதல் உண்டாகிறது. அத்திரிதல் வாளியின் விளிம்பில் படிவது போலவே தோலின் மீதும் படிகிறது. இயல்பாகவே எளிதில் சிவந்து, அரித்து, செதிலாகும் தோலை உடையவர்களுக்கு நாள்தோறும் முகம் கழுவுவதே ஒரு துன்பமாகி விடுகிறது.

இத்துன்பத்திற்குக் காரணம் சோப்பின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துப் பெறப்படும் பொருளே சோப்பு. நீரில் கரைந்த சோப்பின் அமில-காரக் குறியீடு பெரும்பாலும் 9க்கும் 10க்கும் இடையே இருக்கும். நலமுள்ள தோலின் மேற்பரப்போ சுமார் 5 என்ற அளவில் சற்று அமிலத்தன்மை உடையது. மேலும் அழுக்கை மட்டும் அகற்றித் தோலின் கொழுப்பை விட்டுவிடும் பகுத்தறிவு சோப்புக்குக் கிடையாது. தோலின் மேலடுக்கில் உயிரணுக்களுக்கு இடையே காரை பூசியது போல் அமைந்துள்ள கொழுப்பும் அதனுடன் கரைந்து போகிறது. பெரும்பாலோருக்கு இவ்விழப்பு சில மணி நேரத்தில் ஈடாகிவிடும். மென்மையான தோலில் அது ஈடாகுமுன் அடுத்த கழுவுதல் வந்துவிடுகிறது.

எண்ணெயைக் கொண்டே எண்ணெய்ப் பிசுக்கை நீக்கலாம் என்பது நமது நாட்டில் புதிய செய்தியன்று. வட இந்தியக் குடும்பங்களில் கடலை மாவு, மஞ்சள், கடுகெண்ணெய் ஆகியவற்றைக் குழைத்துப் பூசும் ‘உப்டன்’ திருமணச் சடங்குகளிலும் குழந்தை வளர்ப்பிலும் இன்றும் இடம்பெறுகிறது. தென்னாட்டின் எண்ணெய்க் குளியலும் இவ்வகையைச் சேர்ந்ததே. முகத்தில் படியும் தூசி, புகைக்கரி, பூச்சு மை முதலியன பெரும்பாலும் கொழுப்பில் ஒட்டிக்கொண்டிருப்பவை. புதிய எண்ணெயைத் தடவி மெல்லத் தேய்க்கும்போது அவை அதனுள் தளர்ந்து கலந்து விடுகின்றன. மரபு சரியாகக் கண்டறிந்தது இந்தத் தத்துவத்தை. எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு அது அளித்த விடைதான் மறுபரிசீலனைக்கு உரியது.

வடக்கே வழக்கில் உள்ளது கடுகெண்ணெய். கடுகை நசுக்கும்போது அதிலுள்ள நொதியின் துணையால் உண்டாகும் ஆலைல் ஐசோதயோசயனேட் என்னும் வேதிப்பொருளே அதன் காரநெடிக்குக் காரணம். தாளிப்பில் சுவை தரும் இப்பொருள் தோலில் எரிச்சல் ஊட்டுவது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் சேதமுற்ற தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது தடுப்பரண் விரைந்து சீரடைந்தது. கடுகெண்ணெய் அதனைத் தாமதப்படுத்தியது. இதனைத் தொடர்ந்து வங்காள தேசத்தின் டாக்கா நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்க்கப்பட்டது. எண்ணெய் தடவப்படாத சிசுக்களைவிட இவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைவாக இருந்தன என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. சமையலறை அலமாரியில் நிற்கும் ஒரு புட்டியின் தேர்வு ஓர் உயிரின் தேர்வாகவும் அமையக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடுகெண்ணெயில் மற்றோர் ஆபத்தும் உண்டு, அது கலப்படம். கடுகு வயல்களில் களையாக வளரும் பிரம்மதண்டின் விதை கடுகைப் போன்றே தோற்றமளிக்கும். 1998இல் தில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் கால் வீக்கமும் இதயத் தளர்ச்சியும் கண்டு 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உண்டவர்களுக்கு நேர்ந்தது இது. எனினும், மேனியில் தேய்த்துக்கொண்டதாலேயே இந்நோய் கண்ட நேர்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனவே உடலில் பூசுவதற்குத்தானே என்று தரம் குறைந்த எண்ணெயை வாங்கும் வழக்கம் சிக்கனமாகாது.

விலை உயர்ந்தது நல்லது என்ற எதிர்த்திசை நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. அண்மைக் காலத்தில் நகரங்களில் செல்வாக்குப் பெற்றுள்ள ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் மிகுதி. இவ்வமிலம் தோலின் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தும் இயல்புடையது. இங்கிலாந்தில் வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தடுப்பரணைப் பழுதாக்கியதும், சூரியகாந்தி எண்ணெய் அதனைக் குலைக்காததும் காணப்பட்டன. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு லினோலியிக் அமிலம். தோல் தன் தடுப்பரணைக் கட்டப் பயன்படுத்தும் அமிலமும் இதுவே. நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. எள் ஒவ்வாமை இல்லாதவர்கள் அதனைக் கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் வட இந்தியக் குளிரில் உறைந்துவிடும் என்பதால் இத்தயாரிப்புக்கு வசதியற்றது.

வெறும் எண்ணெயில் ஒரு குறை உண்டு: நீரால் மட்டும் அது போவதில்லை. அதைப் போக்க மீண்டும் சோப்பை நாடினால் செய்த வேலை வீணாகும். இங்குதான் பால்மமாக்கி தேவைப்படுகிறது. ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பற்றிக்கொண்டு இரண்டையும் பால் போன்ற கலவையாக்கும் பொருள் இது. பாலிசார்பேட் 80 என்பது இவற்றுள் சாந்தமான ஒன்று. ஐஸ்கிரீம் தயாரிப்பிலும் சேர்க்கப்படுவது. இதற்கு மின்னேற்றம் இல்லையாதலால் கடினநீரில் திரிவதில்லை. அடிகுழாய் நீரை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இதுவே இத்தயாரிப்பின் முதன்மையான நன்மை எனலாம்.

நூறு கிராம் தயாரிக்கத் தேவையானவை: சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 80 கிராம், ஆமணக்கெண்ணெய் 8 கிராம், பாலிசார்பேட் 80 12 கிராம். ஆமணக்கெண்ணெய் கெட்டியானது, கலவைக்கு வழுவழுப்பைத் தந்து, தேய்க்கும் விரல் தோலை உரசாமல் காக்கும். ஆனால் அளவு மிகுந்தால் பிசுபிசுக்கும். உலகிலேயே ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது நமது நாடு. அதிலும் பெரும் பகுதி குஜராத்தைச் சேர்ந்தது. மருந்துக் கடைகளில் மருந்துத் தரத்தில் கிடைப்பதையே வாங்க வேண்டும். துணிச்சாயத் தொழிலில் பயன்படும் ‘துருக்கிச் சிவப்பு எண்ணெய்’ ஆமணக்கிலிருந்து பெறப்பட்டு நீரில் கலப்பதாயினும், ஆலைத் தரத்தில் விற்கப்படுவது முகத்திற்கு ஏற்றதன்று.

செய்முறையில் கடினம் ஏதுமில்லை. கலங்களும் கரண்டியும் நன்கு கழுவி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். முதலில் பாலிசார்பேட்டுடன் சிறிது எண்ணெயைச் சேர்த்துக் கலக்கி, பின்னர் எஞ்சியவற்றை ஊற்றிக் கிளற வேண்டும். சூடாக்க வேண்டியதில்லை. மறுநாள் அடியில் படிந்திருந்தால் புட்டியைக் குலுக்கினால் போதும். வீட்டுத் தராசு கிராம் கணக்கில் நிறுக்காதெனில், எண்ணெய் பத்துக் கரண்டி, ஆமணக்கெண்ணெய் ஒரு கரண்டி, பால்மமாக்கி ஒன்றரைக் கரண்டி என்று கொண்டாலும் பெரிய வேறுபாடு வராது.

இதில் நீர் சேராததால் நுண்ணுயிர் வளர வழியில்லை. ஆகவே பதனப்பொருளும் வேண்டியதில்லை. அப்பொருள்களே பலருக்கு ஒவ்வாமை தருவன என்பது கருதத்தக்கது. ஈரக் கையால் புட்டியைத் தொட்டால் இந்த நன்மை பறிபோகும். லினோலியிக் அமிலம் காற்றுப்பட்டு விரைவில் சிக்கல் நாற்றம் பெறும் குணமுடையது. எனவே நிறப் புட்டியில் சிறிது சிறிதாகத் தயாரித்து, வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். ரோஜா அத்தர், சந்தன எண்ணெய், எலுமிச்சைச் சாறு, வேப்பெண்ணெய் ஆகியவற்றுள் எதையும் சேர்க்கலாகாது. மணம் என்பது மென்மையான தோலுக்குப் பெரும்பாலும் எதிரி. இயற்கையில் விளைந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. மேற்கூறிய பிரம்மதண்டும் இயற்கையில் விளைந்ததே.

பயன்படுத்தும்போது முகமும் கையும் உலர்ந்திருக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி அளவை முகத்தில் தடவி, ஒரு நிமிடத்திற்கு மேற்படாமல் விரல் நுனியால் தேய்த்து, பிறகு கையில் சிறிது நீரெடுத்துத் தடவினால் எண்ணெய் பாலாக வெளுக்கும். அதன்பின் வெந்நீர் அல்லாத, இதமான நீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதன்முறை பயன்படுத்துமுன் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பார்ப்பது இன்றியமையாதது. நீர்க்கசிவு, புண், பரவும் சிவப்பு, மிகுந்த முகப்பரு ஆகியவை உடையோர் தாமே பரிசோதனை செய்யாது மருத்துவரைக் காண வேண்டும்.

பாலிசார்பேட் கிடைக்காத ஊர்களில் கடலை மாவே அதன் வேலையை ஓரளவு செய்யும். எண்ணெய் தடவிய முகத்தில் சலித்த நுண்மாவை நீரில் குழைத்துப் பூசி, காயவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும். கொரகொரப்பாக அரைத்த மசூர்ப் பருப்பு தோலைக் கீறும்.

ஒருவர் நாளுக்கு மூன்று கிராம் பயன்படுத்தினாலும் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய ஒரு கிலோகிராமே செலவாகும். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில், அதிலும் சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் கடல் கடந்தே வரும் நிலையில், இச்செலவு சுமையாகுமோ என்று ஐயுறுவோர் உண்டு. ஒரு வீட்டின் பொரியல் சட்டியில் மீந்து கொட்டப்படும் எண்ணெய் இதைவிட மிகுதி. கடைகளில் பசுமையான இலைப் படம் அச்சிட்டு விற்கப்படும் சிறு புட்டிகளில் பலவற்றின் உள்ளடக்கமும் இம்மூன்றை ஒத்ததே. விலையில்தான் பெருத்த வேறுபாடு.

இவ்விலை வேறுபாடே கிராமப்புற மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சிலவற்றை இத்துறையின் பால் ஈர்க்கிறது. இல்லத்தேவைக்குச் செய்வது வேறு, விற்பனைக்குச் செய்வது வேறு என்பதை அவை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகளும் விற்பனைக்கான தயாரிப்புக்கு மாநில அதிகாரியின் உரிமத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. இடம், உபகரணம், தகுதி பெற்ற பணியாளர், தரச் சோதனை ஆகியவை உரிமத்துக்கான தேவைகளுள் அடங்கும். தனித்தனிக் குழுவால் இச்செலவைத் தாங்க இயலாது. ஒரு வட்டாரத்துக் குழுக்கள் கூட்டாக ஓர் உரிமம் பெற்ற கூடத்தை அமைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. புட்டியின் மீது உள்ளடக்கப் பொருள்கள் அனைத்தையும், தொகுதி எண்ணையும், தயாரித்த மாதத்தையும், பயன்படுத்தத் தக்க கடைசி மாதத்தையும் அச்சிட வேண்டும். எள் சேர்ந்திருந்தால் அது கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும். ஒவ்வாமை உடையவர் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.