பெங்களூரில் ஜெயித்த சென்னைக் கட்சி... தெரியுமா?

மெஜஸ்டிக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் காந்திநகர். பெங்களூருக்கே நட்டநடு இடம். 1994 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியை ஜெயித்த கட்சி எது தெரியுமா? காங்கிரஸ் இல்லை, ஜனதா தளம் இல்லை, பா.ஜ.க.வும் இல்லை. அ.தி.மு.க.!

அந்தக் கட்சியே ஒரு மேடைப் பேச்சிலிருந்து கிளம்பியது என்பது தெரியுமா? 1972 அக்டோபர் 8, திருக்கழுக்குன்றம். கட்சிக்காரர்கள் சொத்துக்கணக்கு காட்ட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். மேடையிலேயே கேட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அப்போது தி.மு.க.வின் பொருளாளரே அவர்தான்! 10ஆம் தேதி தற்காலிக நீக்கம். 17ஆம் தேதி புதுக்கட்சி. அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வெற்றி, ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு மூன்றாவது இடம்!

ஒரு பேச்சுக்கு இத்தனை சக்தியா? கொஞ்சம் பொறுங்கள். எம்.ஜி.ஆரின் ரசிகர் மன்றத்துக்காரர்கள் சினிமாக் கொட்டகையிலேயே அவர் பக்கம் சாய்ந்தாயிற்று. பேச்சு அவர்கள் கைக்கொடியைத்தான் மாற்றியது.

இன்னொரு ஆச்சரியம். பேச்சாலேயே நாட்டைப் பிடித்தவர் என்று ஹிட்லரைச் சொல்கிறோம் இல்லையா? பீட்டர் செல்ப், சைமன் முன்செர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அவர் பேசிய ஊர்களையும் பேசாத ஊர்களையும் ஐந்து தேர்தல்களுக்கு ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டில் பெரிய வித்தியாசமே இல்லை! 1932 ஜனாதிபதி தேர்தலின் இரண்டாம் சுற்று மட்டும் விதிவிலக்கு.

ஆக, கூட்டத்தை மொத்தமாகக் கட்சி மாற்றுவது லேசில்லை. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் வாய் பிளந்து நிற்கும் ஒரு பையன்? அவன் கதை வேறு!

திருக்குவளைக்காரப் பையன் ஒருவனுக்கு 14 வயது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டான். முடிந்தது, ஆயுளுக்கும் அரசியல்தான். அந்தப் பையன் கருணாநிதி. 1951இல் பிறந்த மகனுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அழகிரி! பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், பேசியவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் எத்தனை பேர்?  

சரி, காந்திநகரை ஜெயித்த கட்சிக்குத் திரும்புவோம். அங்கேயும் ஒரு மேடைப் பேச்சு உண்டு. 1982, கடலூர் மாநாடு. எம்.ஜி.ஆர். கட்சி மேடையில் ஒரு நடிகை முதன்முதலாகப் பேச வருகிறார். தலைப்பு 'பெண்ணின் பெருமை'. அடுத்த வருடமே கொள்கை பரப்புச் செயலாளர். 1984இல் மாநிலங்களவை. 1994இல் பெங்களூரில் கட்சி ஜெயித்தபோது பொதுச்செயலாளரும் அவரே, தமிழ்நாட்டு முதல்வரும் அவரே.

மேல்கோட்டையில் பிறந்த அந்த ஜெயலலிதா சின்ன வயதில் படித்த பள்ளி எது தெரியுமா? பெங்களூரு பிஷப் காட்டன்!